முயலுக்கு மட்டும் ஏன் சீட் இல்லை?

ஓசூரில் அசோக் லேலண்ட், டைட்டன், டிவிஎஸ் என்று வேலை பார்ப்பவர்களுக்கு திடீரென்று வடக்கே டிரான்ஸ்பர் வரும். டிவி, பிரிட்ஜ் எல்லாம் லாரியில் போய்விடும். வீட்டு முயல்? அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் டிராபிக்கில் ஊர்ந்து, தேவனஹள்ளி ஏர்போர்ட் வரை மடியில் கொண்டுபோகலாம். விமானத்துக்குள் கூடாதாம். (ஓசூருக்கே ஏர்போர்ட் வரும் என்று 2024 ஜூனில் அறிவித்தார்கள். வந்தாலும் இந்த ரூல் மாறாதே!)

ஆகாசா ஏர் 2022 நவம்பரில் செல்லப்பிராணிகளை கேபினில் ஏற்ற ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் லிஸ்டில் நாயும் பூனையும் மட்டும். கூண்டோடு சேர்த்து 7 கிலோ வரை என்றார்கள். வீட்டு முயல் பலவும் அதற்குள் அடங்கிவிடும். குரைக்காது. பக்கத்து சீட்காரரின் தூக்கத்தைக் கெடுக்காது. அப்புறம் என்னதான் தகராறு?

"கார்கோவில் போடுங்களேன்" என்பார்கள். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது சார்! உடம்புச் சூட்டை பெரும்பாலும் காது வழியாகத்தான் தணித்துக்கொள்ளும். வெயிலில் கூண்டு காத்துக் கிடந்தால் கதை முடிந்தது. 2017 ஏப்ரலில் சைமன் என்ற ராட்சத முயல் லண்டனிலிருந்து சிகாகோவுக்கு யுனைடெட் விமானத்தின் சரக்குப் பகுதியில் போனது. இறங்கிய பிறகு ஏர்போர்ட்டிலேயே செத்துப்போனது. மூன்றடி நீள முயல், சீட்டுக்கடியில் அடங்கியிருக்காது, சரி. நம்ம வீட்டு முயல் அடங்குமே!

அமெரிக்காவில் ஃப்ரான்டியர் உள்நாட்டு விமானங்களில் முயலை கேபினில் ஏற்றுகிறது. அந்த ஊர் முயலுக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது? கூண்டுக்கு கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், டாக்டர் சர்டிபிகேட் கேளுங்கள். நாய், பூனைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.