முதலில் ஜலம்

சொந்த வீடு கட்டத் துணியும் அன்பர்கள் வாசற்கால் வைக்க முகூர்த்தம் பார்க்கிறார்கள். கிருகப் பிரவேசத்திற்கு நாள் குறிக்கிறார்கள். ஜலத்தையும் மின்சாரத்தையும் மட்டும் கடைசியில் யோசிக்கிறார்கள். முறை தலைகீழென்பது நமது அபிப்பிராயம்.

கான்கிரீட் போட்டபின் குறைந்தது 7 நாளாவது ஈரம் உலராமல் காக்கவேண்டும். ஜலமில்லையேல் சிமெண்டுக்குக் கொடுத்த பணம் வீண். கட்டட வேலைக்கு வாங்கும் தற்காலிக மின்சாரத்திற்கோ வீட்டு உபயோகத்தைவிடக் கட்டணம் அதிகம். வேலை நீண்டால் செலவும் ஏறும்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாயிற்று. பலர் அதைப் பெயரளவில் செய்து திருப்தியடைந்தார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, குழாயிருந்த வீட்டாரும் லாரித் தண்ணீருக்குக் குடமேந்தி நின்றார்கள்.

ஆகவே அன்பர்களே, அஸ்திவாரம் தோண்டும் அன்றே மழைநீருக்கும் ஒரு குழி தோண்டிவிடுங்கள்.