சாய்த்து ஓட்டினால் டிரைவர் இல்லையா?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஒருநாள் சாயங்காலம் ஏறிப் பாருங்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவர்கள், பொன்னேரியில் ஏறும் காலேஜ் பசங்க, காலி கூடையோடு திரும்பும் மீன்காரம்மாக்கள். இந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது போனைக் குறுக்காகப் பிடித்து இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருப்பார். திரையில் வளைவு வந்தால் தோளும் சேர்ந்து சாயும். எதிர்சீட்டுப் பெரியவர் 'என்ன ஆச்சு இந்தப் பிள்ளைக்கு' என்று ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் ஆகவில்லை. ரேஸ் ஓட்டுகிறார், அவ்வளவுதான்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது பெரியவர் மட்டும் இல்லை. ரேஸிங் கேம் ஆடுகிறவர்களுக்குள்ளேயே ஒரு வருணாசிரமம் உண்டு. ஸ்டியரிங் வீலும் பெடலும் வைத்திருப்பவர் உச்சியில். கன்ட்ரோலர் வைத்திருப்பவர் அடுத்த படியில். போனைச் சாய்த்து ஓட்டுகிறவர் கோயிலுக்கு வெளியே! அது சின்னப்பசங்க விளையாட்டாம், 'சிமுலேஷன்' ஆகாதாம்.

ஏன் ஆகாது? கேட்டால் வரும் முதல் பதில், நிஜக் காரை யாரும் சாய்த்து ஓட்டுவதில்லை என்பது. சரிதான். நிஜக் காரைக் கட்டைவிரலால் ஓட்டுகிறவர் யார்? கன்ட்ரோலர் குச்சி விரலுக்கடியில் நகரும் தூரம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதைக் கேலி செய்ய ஆளில்லை. மணிக்கட்டைத் திருப்புகிறவன் மட்டும் கோமாளி.

விஷயம் தெரிந்துதான் சிரிக்கிறார்களா என்பதே சந்தேகம். போனுக்குள் ஆக்ஸலரோமீட்டர் என்று ஒரு சில்லு இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலிக்கான் எடை, மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்குகிறது. போனைச் சாய்த்தால் புவியீர்ப்பு அந்த எடையைக் கொஞ்சம் இழுக்கும். எவ்வளவு இழுத்தது என்பதை மின்சாரக் கணக்காக மாற்றினால் சாய்வு எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும். ஐந்து டிகிரி சாய்த்தால் கார் கொஞ்சம் ஒதுங்கும், இருபது டிகிரி சாய்த்தால் நன்றாகவே திரும்பும்.

திரையில் இருக்கும் அம்புக்குறி பட்டனுக்கு இந்த நயம் கிடையாது. அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் நேர். (சில கேம்கள் உள்ளுக்குள் கொஞ்சம் மழுப்பிக் கொடுக்கும். அந்த மழுப்பல் புரோகிராம் செய்வது, ஓட்டுகிறவர் செய்வதில்லை.) வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை மெதுவாக விட்டபடி ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், தேவைக்கு மேல் திருப்பினால் முன் டயர் பிடிப்பை இழந்து கார் நேராகவே போய்விடும். ரேஸ் ஓட்டுவதன் பால பாடம் இது. பட்டனில் இதைக் கற்க முடியாது, சாய்வில் முடியும். சிமுலேஷன் வேண்டும் என்கிறவர்கள்தான் இதற்கு முதலில் கைதட்டியிருக்க வேண்டும்.

கெட்ட பெயர் சும்மா வந்துவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 2006ல் நிண்டெண்டோ வீ வந்தது, அதே வருடம் சோனி பிளேஸ்டேஷன் 3ன் கன்ட்ரோலரில் சாய்வு உணர்வியை வைத்தது. 2008ல் மரியோ கார்ட் வீ வாங்கினால் ரிமோட்டைச் செருகிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் வட்டம் கூடவே வந்தது. 2010ல் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போய், கினெக்ட் ஜாய் ரைடில் வெறுங்கையைக் காற்றில் நீட்டி ஓட்டச் சொன்னது. ஆக்ஸலேட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை! வித்தை காட்டி விற்ற சரக்கு அது. அந்தக் கடுப்பை இன்றுவரை போன் ஆட்டக்காரர் தலையில் இறக்குவது என்ன நியாயம்? போனில் வந்த கதை வேறு. 2009ல் ஃபயர்மின்ட் நிறுவனத்தின் ரியல் ரேஸிங் ஐபோனில் வந்தபோதே சாய்த்து ஓட்டுவதுதான் அதன் உயிர். 2017ல் ஐபோனுக்கும் 2019ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த கிரிட் ஆட்டோஸ்போர்ட்டில் அது உண்டு. அவ்வளவு ஏன், சிமுலேஷன் என்று மார்தட்டும் கிரான் டூரிஸ்மோ 7லேயே (2022) கன்ட்ரோலரைச் சாய்த்து ஓட்டலாம்.

இப்போது காசு விஷயம். பி.காம். முதல் வருடத்திலேயே 'நுழைவுத் தடை' என்று ஒரு பாடம் வரும். புதிதாக ஒருவன் சந்தைக்குள் வராமல் இருக்க என்னென்ன வேலி போடலாம் என்பது. லாஜிடெக் ஜி29 மாதிரி ஒரு வீல் செட், அதை இறுக்க ஆடாத மேசை, கேமைத் தாங்கும் கம்ப்யூட்டர் அல்லது கன்சோல். சிப்காட்டில் அப்ரண்டிஸாக நிற்கும் பையனுக்கு வீல் மட்டுமே ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். சாய்வு உணர்வியோ அவன் ஏற்கெனவே வாங்கிவிட்ட போனுக்குள் சும்மா கிடக்கிறது. கூடுதல் செலவு பூஜ்யம். வீல் இருந்தால்தான் டிரைவர் என்பது, நுழைவுச்சீட்டு வாங்கியவனுக்குத்தான் கால் இருக்கிறது என்பது மாதிரி.

இந்த வேலி திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டி வரும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. ஓட்டியவர்களில் கோண்டல் மகாராஜா உண்டு, விஜய் மல்லையா உண்டு. ஊர்க்காரர்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்ததும் சோழவரத்தில் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லாமல் போனது. தமிழ்நாட்டிலிருந்து ஃபார்முலா ஒன் வரை போனவர்கள் இரண்டு பேர். 2005ல் நரேன் கார்த்திகேயன், 2010ல் கருண் சந்தோக். இருவரும் திறமைசாலிகள், மறுப்பே இல்லை. இருவருடைய அப்பாக்களும் மோட்டார் பந்தயத்தில் இருந்தவர்கள் என்பதையும் மறுக்க முடியாது.

கார் செய்ய மட்டும் இந்த மாவட்டம் வேண்டும். 1998ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் தயாரிக்க ஆரம்பித்தது. அதே காலத்தில், 1996 முதல் 1999 வரை, லான்சரின் வேகமான அண்ணன் லான்சர் எவல்யூஷனை ஓட்டி டோமி மாக்கினென் தொடர்ந்து நான்கு முறை உலக ராலி பட்டம் வென்றார். அதனால்தான் எவல்யூஷன் இல்லாத ரேஸிங் கேம் அபூர்வம். அப்பா போல்ட் முடுக்கிய காரின் அண்ணனை மகன் போனில் ஓட்டுகிறான். அவனைப் பார்த்து, இது ஓட்டுவதே இல்லை என்றால் எப்படி இருக்கும்?

குறைகள் இல்லாமல் இல்லை. வீல், டயர் வழுக்குவதைக் கைக்கு எதிர்விசையாகச் சொல்லும். போன் அதிகபட்சம் அதிரும். கையோடு திரையும் சாய்வது தலைவலி. மல்லாந்து படுத்து, திரை கீழே பார்க்கப் பிடித்து ஆடினால் கதை கந்தல். விலை குறைந்த பல போன்களில் சுழற்சியைத் தனியாக அளக்கும் ஜைரோஸ்கோப் இருப்பதில்லை. வெறும் ஆக்ஸலரோமீட்டருக்குச் சாய்வும் பக்கவாட்டு உந்தலும் ஒன்றுதான். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் கம்பெனி பஸ், தச்சூர் கூட்டுரோட்டில் பொன்னேரிக்காக இடதுபக்கம் திரும்பினால், போனில் ஓடும் கார் வலதுபக்கம் போய்ச் சுவரில் முட்டும் :-)

ஆனால் சாய்வைச் சிரித்தே விரட்டிவிட்டால் அந்த இடத்துக்கு வருவது வீல் அல்ல. 2018ல் வந்த ஆஸ்பால்ட் 9ல் டச்டிரைவ் என்று ஒன்று. கார் தானே திரும்பிக்கொள்ளும். எந்தப் பாதை, எப்போது நைட்ரோ என்று விரலால் தேய்த்தால் போதும். ஸ்டியரிங்கே இல்லாத ரேஸ்! போன்காரனுக்கு இது போதும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. வீல் பக்தர்களும் அதையேதான் சொல்கிறார்கள், வேறு வார்த்தையில்.

ஆகவே ரயிலில் ஆடும் தம்பிக்கு: செட்டிங்ஸில் போய் ஸ்டியரிங் அசிஸ்ட்டை அணைத்துவிடு. சென்சிட்டிவிட்டியைக் குறை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ஒரே டிராக்கை முப்பது தடவை ஓட்டு. அப்புறம் சிரிக்கிறவர் கையில் அதே போனைக் கொடு, அதே காரைக் கொடு. பட்டனில் ஓட்டி அந்த நேரத்தை முறியடிக்கச் சொல்.