ஆறு மாதக் கெடுவை நீக்குங்கள்

சாலை விபத்தில் காயமடைந்தவரோ, உயிரிழந்தவரின் குடும்பத்தாரோ விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு. 2019-இல் கொண்டுவரப்பட்ட இந்தத் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மனுவை ஏற்கலாம் என்ற ஒரு வரிகூட அதில் இல்லை. நாடாளுமன்றத்துக்கு இது புதிய சோதனையும் அல்ல. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆறு மாதக் கெடு இருந்தது; காரணம் காட்டினால் ஓராண்டு வரை மனுவை ஏற்க அன்று இடமிருந்தது. அதுவும் போதாது என்று கண்டுதான் 1994-இல் கெடு அடியோடு நீக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து அதே கெடுவை, இருந்த சலுகையையும் பறித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்ததற்கு அரசு ஏற்கத்தக்க விளக்கம் எதையும் தரவில்லை.

தொடை எலும்பு முறிந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு ஆறு மாதம் என்பது என்ன என்று பார்த்தாலே போதும். அறுவை சிகிச்சை, உள்ளே வைத்த கம்பி, படுக்கை, வாக்கர், மறுபடி எக்ஸ்ரே. எலும்பு சரியாகக் கூடவில்லை என்றால் இன்னொரு அறுவை. எத்தனை சதவீத ஊனம் என்பதை மருத்துவக் குழு பெரும்பாலும் சிகிச்சை முடிந்த பிறகே சொல்லும். இறந்தவர் வீட்டிலோ, எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு மருத்துவமனை, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் என்று அலைச்சல். மனுவை முதலில் போட்டுவிட்டு ஆவணங்களைப் பிறகு தாக்கல் செய்யலாமே என்பார்கள். செய்யலாம்தான். ஆனால் அந்த விவரம் தெரிய ஒரு வக்கீல் வேண்டும். சம்பாதித்தவரே படுத்துக் கிடக்கும் வீட்டுக்கு வக்கீலுக்கு முன்னால் வந்து சேருகிறவர் தரகர். நாள் நெருங்க நெருங்க, அவர் கேட்கும் பங்குக்குத் தலையாட்டுவதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இருக்காது.

மற்ற சட்டங்கள் இவ்வளவு கறாராக இல்லை. வேலையில் அடிபட்ட தொழிலாளி, 2025 வரை நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் கோர முடிந்தது. ரயில் விபத்துக்கு ஓராண்டு. பழுதான குளிர்சாதனப் பெட்டியை விற்ற கடைக்காரர் மீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யவும் இரண்டு ஆண்டுகள் உண்டு. இந்த மூன்றிலும் தாமதத்துக்குக் காரணம் காட்டினால் மன்னிக்க வழி உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்குக் காட்டும் பொறுமையை, லாரி ஏறிக் காலை இழந்தவரிடம் காட்ட மாட்டோம் என்பதற்கு என்ன நியாயம்?

போலி வழக்குகளைத் தடுக்கவே கெடு என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வாதம். போலி வழக்குகள் இல்லாமல் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் அவற்றை விசாரிக்க உயர் நீதிமன்றமே சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்கச் செய்தது. ஆனால் மோசடி செய்கிறவர் நாள் தவற விடுகிறவர் அல்ல. காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் ஆள் வைத்துக்கொண்டு வேலையில் இறங்குகிறவருக்கு ஆறு மாதம் தாராளம். கெடுவில் சிக்குகிறவர் உண்மையிலேயே அடிபட்டவர்தான். பொய் மனுவைக் கண்டுபிடிக்கக் குறுக்கு விசாரணையும் மருத்துவ ஆவணங்களும் இருக்கின்றன. அவற்றின் வேலையை நாள்காட்டி செய்யாது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீசார் முதல் அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாட்கள். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கொள்ள வேண்டும் என்று 166(4) பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2022 டிசம்பரில், கோஹர் முகமது வழக்கில், இந்த நடைமுறையைக் கண்டிப்பாகப் பின்பற்ற உத்தரவிட்டது. பிறகு கெடுவால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறார்கள். போலீசார் ஒழுங்காக அறிக்கை அனுப்பிய வழக்குகளில் யாருக்கும் நஷ்டமில்லை; அங்கே கெடுவுக்கு வேலையும் இல்லை. அறிக்கை போகாத வழக்குகளில்தான் கெடு கடிக்கிறது. அதாவது, கடமை தவறியது ஸ்டேஷன், உரிமையை இழப்பது நோயாளி. 2022-இல் மட்டும் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள் பதிவாயின. மாநிலங்களிலேயே மிக அதிகமாக 64,105 விபத்துகள் தமிழ்நாட்டில். அத்தனைக்கும் ஒவ்வொரு காவல் நிலையமும் நாள் தவறாமல் அறிக்கை அனுப்பும் என்று நம்பி ஒரு குடிமகனின் உரிமையை அடகு வைக்க முடியாது.

கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. காலதாமதத்தை மட்டும் காரணமாக்கி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் அது இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. வரவேற்கத்தக்கதுதான், ஆனால் இடைக்கால நிழலில் சட்டம் எத்தனை நாள் ஒதுங்கி நிற்கும்? அந்த உத்தரவுக்கு முன்பே கதவு சாத்தப்பட்டவர்களின் கதி என்ன? தவறு நாடாளுமன்றம் செய்தது. 166(3) பிரிவை நீக்க வேண்டியதும், 2022 ஏப்ரலுக்குப் பிறகு கெடுவைக் காட்டி நிராகரிக்கப்பட்ட மனுக்களை மீண்டும் விசாரிக்க வழி செய்ய வேண்டியதும் அதன் பொறுப்பே. கெடு இருந்தே தீர வேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்தால், இரண்டு ஆண்டுகளும் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் குறைந்தபட்சம். அதுவரை, எந்தக் காவல் நிலையத்திலிருந்து எத்தனை விபத்து அறிக்கைகள் தீர்ப்பாயத்துக்குப் போயின என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிடத் தமிழக அரசுக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.