எச்சில் தொட்ட கை!

எங்கள் ஊர் செஞ்சி. மூன்று மலைகளை வளைத்து மதில் கட்டிய ஊர். 2025-ல் யுனெஸ்கோவே எங்கள் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ராஜகிரி உச்சிக்கு ஏறும் வழியில் ஒரு பெரிய பிளவு, அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி வந்த வழியே நடையைக் கட்ட வேண்டியதுதான். மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை இந்தக் கோட்டையோடு மல்லுக்கட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அப்படிப்பட்ட ஊர்க்காரன் தன் குழந்தைக்கு ஒரு கோட்டை கட்டாமல் இருப்பானா? கட்டினேன்.

பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயசு. தெரு மண்ணில் கால் வைக்கத் தடை. தரைக்கு இரண்டு வேளை லோஷன். வாசலில் ஜெல் பாட்டில். விருந்தாளி யாராயிருந்தாலும் கையை நீட்டி இரண்டு சொட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும், கோயில் தீர்த்தம் மாதிரி.

"டேய், நீயே மண்ணைத் தின்னு வளர்ந்தவன்தாண்டா" என்றாள் அம்மா.

"அதனாலதான் பி.காம்.ல ரெண்டு அரியர் வெச்சேன்" என்று வாயை அடைத்தேன்.

இத்தனை காவலையும் மீறி போன ஆடியில் பாப்பாவுக்குப் பேதி. பொழுது சாய்வதற்குள் ஏழு தடவை. கண் உள்ளே போய்விட்டது. அழுகிறாள், கண்ணீர் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒண்ணுக்கே போகவில்லை. மனைவி அவளை நெஞ்சோடு அணைத்துப் பின்னால் உட்கார, பைக்கை விரட்டினேன். மேல்மலையனூர் அங்காளம்மாவிலிருந்து சிங்கவரம் ரங்கநாதர் வரை பாக்கியில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டச் சொன்னார். ராத்திரி முழுக்கப் புகட்டினோம். விடிகாலையில் பாப்பா என் மடியை நனைத்தாள். வேட்டி ஈரமானதற்காக ஒருத்தன் அழுததை அந்த நர்ஸ் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

"ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டாச்சா?" என்றார் டாக்டர்.

"ஆறு, பத்து, பதினாலு வாரம்... மூணு தடவையும் போட்டாச்சு சார்."

"நல்லது. நம்ம நாட்டுலயே தயாரான அந்த மருந்தைப் பரிசோதிச்ச ஊர்கள்ல வேலூரும் ஒண்ணு. ஆனா அது ஒரு கிருமிக்குத்தான் சார். மத்ததுங்களுக்குக் கையும் தண்ணியும்தான் வாசல். நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"நெல் மண்டியில கணக்கு."

"நோட்டு எண்ணுவீங்களா?"

"கட்டுக்கட்டா!" என்று ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, காற்றில் நாலு நோட்டைப் பெருமையாகத் தள்ளிக் காட்டினேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். தினமும் வீட்டுக்கு வந்ததும், அதே விரலால் பாப்பா வாயில் பிஸ்கட் ஊட்டுகிறவன் நான். ஜெல் எல்லாம் விருந்தாளிக்கு. நான்தான் வீட்டுக்காரன் ஆயிற்றே!

"இதனாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கழுவாத கை பெரிய வழி சார்" என்றார்.

திரும்பி வரும்போது கோட்டையைப் பார்த்தேன். 1750-ல் ஒரே ராத்திரியில் இதைப் பிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே வைத்ததில்லையாம். ஆனாலும் பத்து வருஷத்தில் 1,200 பேரை இழந்தார்கள், அவ்வளவு உடம்புக்கு ஆகாத இடம் என்று ஓர்ம் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். என் பி.காம். கணக்கில் சொன்னால், நூறு பேர் ஸ்டாக்கில் வருஷத்துக்கு 120 பேர் ரைட்-ஆஃப்! நோய்க்கு மதில் எம்மாத்திரம்?

இப்போது வீட்டில் லோஷன் செலவு பாதி. வாசல் குழாயடியில் சோப்பு உட்கார்ந்திருக்கிறது. அழுக்கு அப்பிய கையில் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை தேய்க்க வேண்டும். சமைக்கும் முன், ஊட்டும் முன், நாம் கக்கூஸ் போய்வந்த பின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின். குடிக்கிற தண்ணீர் கொதித்து ஆறி, மூடிய பானையில் இருக்கிறது. மொள்ளுவதற்கு நீளக் காம்புக் கரண்டி. டம்ளரோடு விரலும் முங்கக் கூடாது. மண்டியில் நோட்டு எண்ண ஈரப் பஞ்சு டப்பா.

அலமாரியில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். லிட்டர் பாக்கெட் என்றால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர், கண்திட்டம் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். டாக்டர் கொடுத்த ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். கண் குழி விழுந்தால், ஒண்ணுக்குப் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், பிள்ளை துவண்டால் வேண்டுதல் அப்புறம், ஆஸ்பத்திரி முதலில்.

பாப்பா இப்போது தெரு மண்ணில் வீடு கட்டுகிறாள். கட்டட்டும். சாப்பிடும் முன் கையைக் கழுவிவிடுகிறோம்.

நேற்று மண்டியிலிருந்து வந்து பிஸ்கட் டப்பா பக்கம் போனேன். குறுக்கே வந்து நின்றாள், இரண்டு கையும் இடுப்பில்.

"ப்பா... கை!"

குழாயடிக்குத் திரும்பினேன்.