மாத்திரைக்குத் துணை



டிசம்பர் பிறந்தால் அட்டையில் சிவப்பு ரிப்பன், உள்ளே பேரணிப் படம், எங்காவது ஓர் ஓரத்தில் விழிப்புணர்வு வாசகம். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு இது பழகிப்போன வேலை. இந்த முறை அதைக் கொஞ்சம் ஓரங்கட்டி வைத்துவிட்டு, எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் சிலரைப் பற்றிப் பேசலாமா?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதோ 2004 ஏப்ரலில். முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. காசநோயாளிகளுக்காக 1928இல் எழுந்த அதே இடம்தான்.

நடுவில் கிடந்த அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் நோயாளிகள் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் இந்திய கூட்டமைப்பு 1997இல் சென்னையில் உருவானது. அடுத்த ஆண்டே நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவும் தோழிகளும் பெண்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார்கள். மருந்து வந்து சேர்வதற்கு முன்பே, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கே வந்துவிட்டது. இது சாதாரண விஷயமில்லை என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் மருந்து வந்ததும்தான் உண்மையான பாடு ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் பலருக்குக் கொடுத்த கூட்டு மருந்தில் நெவிரபின் இருந்தது. முதல் இரண்டு வாரம் அதை நாளுக்கு ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை. சிலருக்குத் தொடக்க வாரங்களில் மேலெல்லாம் தடிப்பு கிளம்பும். பயந்துபோய் மாத்திரையையே தூக்கி எறிந்துவிடுவார்கள். மருத்துவர் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போன விளக்கம் அங்கே எடுபடாது. அதே தடிப்பைத் தாண்டி வந்தவர், பயிற்சியும் பெற்றவர், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எடுபடும்: “எனக்கும் வந்துச்சும்மா, தானா அடங்கிடுச்சு. ஆனா காய்ச்சலோ வாய்ப்புண்ணோ சேர்ந்து வந்தா வீட்ல இருக்காதீங்க, உடனே இங்க வந்துடுங்க.” முதல் வாக்கியம் அனுபவம் கொடுத்தது, இரண்டாவது பயிற்சி கொடுத்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஆபத்து.

மாதம் அறுபது மாத்திரையில் மூன்றுக்கு மேல் விட்டுப்போனால், வேண்டிய 95 சதவீதத்துக்குக் கீழே போய்விடும் என்பது அன்றைய கணக்கு. விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு அதே மாத்திரையை எத்தனை விழுங்கினாலும் பலனில்லை. ஆனால் மாமியாருக்குத் தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் மருந்தை ஒளித்து வைத்திருக்கும் பெண்ணிடம் சதவீதம் பேசி என்ன பயன்? எந்த நேரத்தில் எடுப்பது, யாரிடம் என்ன சொல்வது, ஊர்த் திருவிழாவுக்குப் போனால் எங்கே வைப்பது என்பதுதான் அவளுக்குப் பாடம்.

மையத்து ஆலோசகர்களுக்கும் இதில் கற்க நிறைய இருந்தது. “மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் தலையாட்டுவார்கள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். “எல்லாருக்குமே ஒண்ணு ரெண்டு விட்டுப்போறதுதான், போன வாரம் உங்களுக்கு எத்தனை?” என்று கேட்டால் பதில் வரும். கேள்வியில் இருந்த மிரட்டலை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மருந்து வாங்க வராதவரைத் தேடிப் போவதிலும் மையமும் துணை நிற்பவர்களும் சேர்ந்த இந்தக் கூட்டு வேலை செய்கிறது. மையத்தில் பட்டியல் இருக்கும். ஊரும் தெருவும் தெரிந்த ஆள் தொண்டு அமைப்பில் இருப்பார். பலகை கட்டிய ஜீப்பில் போய் இறங்கினால் தெருவே எட்டிப் பார்க்கும். அதனால் முன்கூட்டியே சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டு, தெரிந்தவர் பார்க்க வந்ததைப் போல ஒருவர் போவார். சம்மதமில்லாமல் ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

இன்று பெரும்பாலான பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. ‘உடம்புதான் நல்லா இருக்கே’ என்று நிறுத்திவிடுவதுதான் இப்போதைய தலைவலி. அதனால் பேச்சுத்துணைக்கு வேலை குறையவில்லை.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். துணை நிற்கும் இவர்களை மேடைக்கு அழைத்துக் கதை சொல்லவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பொன்னாடை வீட்டு வாடகை கட்டாது. வேலை என்றால் சம்பளம் வேண்டும். பயிற்சி வகுப்பு என்றால் பாடத்தை முடிவு செய்யும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும்.

மருந்து சாப்பிடுபவர்களும் துணை நிற்பவர்களும் ஆலோசகர்களும் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அடுத்த இதழில் நான்கு பக்கம் உங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். சந்தேகம் கேட்க வேண்டியவர்கள் எங்கள் பதிலுக்காகக் காத்திருக்காமல் 1097 என்ற இலவச எண்ணை அழையுங்கள். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ எங்கே என்று விசாரியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்