மாலத்தீவுக்குப் பெட்டி கட்டும் முன் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்



இந்த ஆண்டு நம் வட்டத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் மாலத்தீவு போகின்றன. ஒரு ஜோடிக்குத் தேனிலவு, ஒரு தம்பதிக்கு 25-வது திருமண நாள், இன்னொருவர் பேரப்பிள்ளைகளோடு போகிறார். "இதுல ஏதாவது விட்டுப்போச்சா சார்?" என்று கேட்டுப் பட்டியலும் அனுப்பியிருந்தார்கள். தொப்பி, கூலிங் கிளாஸ், வெயிலுக்குப் பூசும் கிரீம், செல்போனுக்குத் தண்ணீர் புகாத உறை என்று எல்லாம் இருந்தது. "போனுக்கு உறை சரி, போனை வைத்திருப்பவருக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன். மூன்று வீட்டிலும் சேர்த்து ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் ஊர்க் கிணற்றில் கற்றவர்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். தீவுச் சுற்றுலாவுக்கு முதல் தயாரிப்பு நீச்சல். டிக்கெட் போட்ட அன்றே அதற்கும் பணம் கட்டிவிடுங்கள்.

புவியியல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மாலத்தீவு என்பது சுமார் 1,200 சின்னச் சின்னப் பவளத் தீவுகள். மொத்த நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர்தான், சுற்றிலும் கடல். விமான நிலையமே தனித் தீவில் இருக்கிறது. இறங்கியதும் பெரும்பாலும் படகில்தான் ஏற வேண்டும். அங்கே பார்க்க வேண்டிய மீன், ஆமை, பவளப்பாறை எல்லாம் தண்ணீருக்குள் இருக்கின்றன.

படத்தில் நாம் பார்க்கும் அந்த இளநீல நீர் பல இடங்களில் இடுப்பளவுதான். ஆனால் பவளப்பாறையின் விளிம்பு வரைக்கும்தான் அந்த ஆழம். விளிம்பைத் தாண்டினால் கடல் சட்டென்று கிடுகிடுவென இறங்கும். பாறைகளுக்கு இடையே உள்ள வாய்க்கால் போன்ற திறப்புகளில் நீரோட்டம் வேகமாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அலையும் கூடும். முகமூடி மாட்டிக்கொண்டு மீன் பார்த்தபடி மிதக்கிறவருக்கு, தான் எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டோம் என்பதே தெரியாது.

"லைஃப் ஜாக்கெட் தருவாங்களே சார்" என்பீர்கள். தருவார்கள். கட்டாயம் போடுங்கள், எல்லா வாரையும் இறுக்கிக் கட்டுங்கள். ஆனால் அது உடலை மிதக்க வைக்குமே தவிர, பதற்றத்தை அடக்காது. தண்ணீரே பழகாதவர் முகத்தில் ஒரு அலை அடித்ததும் மூச்சை வாங்கி, உப்புநீரைக் குடித்து, பக்கத்தில் இருப்பவர் கழுத்தைப் பிடித்துவிடுவார். ஆபத்து இருவருக்கும்தான்.

நான் ஒலிம்பிக் நீச்சல் கேட்கவில்லை. மல்லாந்து அசையாமல் மிதப்பது, தண்ணீருக்குள் மூச்சை விட்டு வெளியே வாங்குவது, 25 மீட்டர் பதறாமல் கடப்பது, இந்த மூன்றும் போதும். இரண்டு மூன்று மாதம் விடாமல் போனால் பெரும்பாலானவர்களுக்கு இது கைவரும். உப்புநீரில் மிதப்பது குளத்தைவிட எளிது. கூடவே ஒரு பாடம்: கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்து கையை ஆட்டி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். நம் கிராமங்களில் பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் குதித்துக் கற்றார்கள். அவர்கள் அக்கா தங்கைகள் மேலே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த வழக்கத்தின் விலையைத்தான் இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது பல நீச்சல்குளங்களில் பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறது. உடலை முழுக்க மூடும் நீச்சல் உடையும் கிடைக்கிறது. மாலத்தீவு முஸ்லிம் நாடு, மக்கள் வாழும் தீவுகளில் உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடுதான் கடலில் இறங்குகிறார்கள். ஆகவே உடையைக் காரணம் காட்டாதீர்கள். சேலை, துப்பட்டா, ஜீன்ஸோடு மட்டும் ஆழத்தில் இறங்க வேண்டாம். நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும்.

மற்ற தயாரிப்புகள் சுருக்கமாக. கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசு இணையப் படிவத்தை நிரப்புங்கள், அது இலவசம். மது, பன்றி இறைச்சி கொண்டுபோகக் கூடாது, வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை உண்டு. கடல் விமானம் பகலில்தான் பறக்கும், மாலையில் போய் இறங்கினால் அந்த இரவைத் தலைநகர் மாலே பக்கம் கழிக்க வேண்டிவரும். பயணக் காப்பீட்டில் கடல் விளையாட்டுகள் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள், அது உயிருள்ளது.

ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக ஐ.நா. 2021-இல் அறிவித்தது. அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறே பக்கத்துக் குளத்துக்குப் போய்க் கட்டணம் விசாரியுங்கள். தாத்தா பாட்டிகள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேரனோடு சேர்ந்தே பழகலாம். விடுமுறை ஐந்து நாளில் முடிந்துவிடும், கற்ற நீச்சல் ஆயுள் முழுக்க இருக்கும்.

நல்லபடியாகப் போய் வாருங்கள். திரும்பி வந்ததும், பார்த்த மீன்களின் பெயரை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் புவியியல் வாத்தியார்