சீசன் முடிஞ்சாச்சு... செமஸ்டர் ஃபீஸ்?

ஜூன்ல சாரல் விழ ஆரம்பிச்சா குற்றாலத்துல வேலைக்கு ஆள் பத்தாது. பழக்கடை, நேந்திரம் சிப்ஸ் கடை, லாட்ஜ் ரிசப்ஷன், பார்க்கிங் டோக்கன், பிரானூர் பார்டர் புரோட்டா கடைன்னு எங்க பார்த்தாலும் ஒரு காலேஜ் முகம் தெரியும். செப்டம்பர்ல தண்ணி குறையும், கூட்டம் குறையும். "நாளையில இருந்து வர வேண்டாம்ப்பா"ன்னு ஒரே வார்த்தையில வேலை முடிஞ்சிரும். நமக்கு அப்பதான் செமஸ்டர் சூடு பிடிக்கும். கொஞ்ச நாள்ல எக்ஸாம் ஃபீஸ் சர்க்குலரும் வந்துரும்.

சில வருஷம் செப்டம்பர் வரைக்கும்கூட காத்திருக்க வேண்டியதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். அந்தத் தடை சரிதான், அதுல மாற்றுக்கருத்து இல்ல. ஆனா அருவி மூடினா கடையில கூட்டம் இல்ல, கூட்டம் இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்ல. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையும் ஐயப்ப பக்தர்கள் வருகிற சீசன் நேரத்தில்தான் வந்தது.

இப்படி வேலை போன முழுநேர மாணவருக்கு என்ன உதவி இருக்கு? தமிழக அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் மூலமா வேலையில்லாதவர்களுக்கு மாத உதவித்தொகை தருது. ஆனா பதிவு செஞ்சு 5 வருஷம் காத்திருக்கணும். அதோட கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கிறவங்க விண்ணப்பிக்க முடியாது. அரசு கணக்குப்படி நாம "வேலையில்லாதவர்" கிடையாது, "மாணவர்". கடை முதலாளி கணக்குல நாம தொழிலாளியும் கிடையாது, "சீசன் பையன்". ரெண்டு நோட்டுலயும் நம்ம பேர் இல்ல.

உதவியே இல்லைன்னு சொல்ல வரல. தமிழ்நாட்டில் நிறையவே இருக்கு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன்: ரெண்டும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கவுன்சிலிங்கில் வந்த முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. மாணவிகளுக்கு ஏஐசிடிஇ-யின் பிரகதி, வருடம் 50,000 ரூபாய்; வருமான வரம்பு 8 லட்சம்.

இதையெல்லாம் ஒண்ணா வச்சுப் பாருங்க. பெரும்பாலும் எல்லாமே அட்மிஷன் நாளைப் பார்த்து எழுதின திட்டங்கள். எந்தப் பள்ளி, எந்தக் கோட்டா, அப்பா வருமானம் என்னங்கிறதுதான் கேள்வி. பிரகதிக்குப் புதுசா விண்ணப்பிக்கணும்னா முதல் வருஷத்துல இருக்கணும், இல்ல லேட்டரல் என்ட்ரியில இரண்டாம் வருஷம் சேர்ந்திருக்கணும். மூணாம் வருஷம் அக்டோபர்ல கை வறண்டு போனவனுக்கு எந்த விண்ணப்பமும் கிடையாது. ஐயாயிரம் ரூபாய், ரெண்டு மாசத்துக்குள்ள வேணும். அவ்வளவுதான் பிரச்சினை. அந்த அளவுக்கு ஒரு திட்டமும் இல்ல.

அந்த இடைவெளியை யார் நிரப்புறாங்க? லோன் ஆப். இல்லைன்னா பகல் ஷிப்ட். பகல் ஷிப்டுக்குப் போனா அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போகும். உடம்பு சரியில்லைன்னா கொஞ்சம் சலுகை கிடைக்கும், கையில காசு இல்லைன்னா கிடைக்காது. தேர்வு எழுத முடியாம அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். ஐயாயிரத்துக்காக ஒரு அரை வருஷம் போகும். சிலர் அதுக்கப்புறம் திரும்பி வர்றதே இல்ல.

பிரிட்டனிலும் முழுநேர மாணவர்களில் பெரும்பாலோருக்கு வேலையில்லா உதவி கிடையாது. ஆனா அங்கே பல்கலைக்கழகங்களே நெருக்கடி நிதின்னு ஒண்ணு வச்சிருக்கு. நடுவில் பணமுடை வந்தால் மாணவர் அங்கே விண்ணப்பிக்கலாம். நம்ம பக்கத்துக் கல்லூரிகளுக்கும் அதுதான் வேணும். "கல்லூரிக்கு ஏது பணம்?"னு கேப்பாங்க. முதல் வேலைக்குப் பணமே வேண்டாம்: சீசன் வேலை செய்யிற மாணவர் எழுதிக் கொடுத்தா தவணையில கட்ட விடுங்க, தாமத அபராதத்தை விட்டுடுங்க. ரெண்டாவது, முன்னாள் மாணவர் சங்கம் வருஷா வருஷம் நடத்துற விருந்துச் செலவுல ஒரு பங்கை வட்டியில்லாக் கடனா சுத்தி விடலாம். மூணாவது, லேப் உதவி, நூலகம்னு உள்ளேயே மணிக்கணக்கு வேலை. அமெரிக்காவில் 1964-லிருந்து அரசு பணம் போட்டு நடத்துற ஏற்பாடு அது.

"படிக்க வந்தவன் ஏன் வேலைக்குப் போறான்?"னு கேக்குற பெரியவங்களும் உண்டு. வீட்ல இருந்தா போவானா?

கல்லூரி மாறுற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு. வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ரெண்டையும் இ-சேவை மையத்துல இப்பவே வாங்கி வைங்க. கடைசி நாள்ல ஓடினா கிடைக்காது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் வரலைன்னா கல்லூரியில அதுக்குன்னு இருக்கிற நோடல் ஆபீசரைப் பாருங்க. கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்துல விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு வேண்டாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது உங்க கோர்ஸுக்கு என்பிஏ அங்கீகாரமும் இருந்தா, படிக்கிற காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டு. லோன் ஆப்ல மாட்டி மிரட்டல் வந்தா 1930-க்குக் கூப்பிடுங்க. வெக்கப்பட்டு மறைக்காதீங்க.

முக்கியமா, ஃபீஸ் கட்ட முடியலைன்னா காலேஜுக்கு வராம நிக்காதீங்க. நேரா போய் துறைத்தலைவர்கிட்ட எழுத்தாவே கொடுங்க. நாலு பேர் சேர்ந்து கொடுத்தா இன்னும் நல்லது. எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினைன்னு நிர்வாகத்துக்கு இதுவரைக்கும் ஒரு கணக்கே கிடையாது. அந்தக் கடிதங்கள்தான் முதல் கணக்கு. அடுத்த சீசன் எப்ப முடியும்னு தென்காசியில எல்லாருக்கும் தெரியும். அது நம்ம ஆபீஸ் காலண்டர்லயும் ஏறட்டும்.